அஞ்சு மேட்ச்ல ஒருத்தனை எடை போட முடியுமா: மூணு தடவை போன ஒரு புரமோவோட முழு ஆய்வு

தம்பின்னு நான் கூப்பிடுற பையன், சொந்தத் தம்பி இல்ல, ரெண்டு வருஷமா என்கூட ஆன்லைன் கேம்ல டுவோ (ரெண்டு பேரா ஜோடி சேந்து) ஆடுறவன். மூணாவது தடவையா அவனுக்குப் புரமோ, அதாவது அடுத்த ரேங்க்குக்கு ஏற ஆடுற சீரிஸ், போன ராத்திரி மைக்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் மெதுவா "அண்ணா, நிஜமாவே நான் அந்த ரேங்க்குக்கு லாயக்கு இல்லையா"ன்னு கேட்டான். அப்போதைக்கு ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிட்டேன், ஆனா அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்லணும்னா அவனோட மேட்ச் ஹிஸ்டரிய முழுசா எடுத்து வச்சு ரீப்ளே ஒவ்வொண்ணா ஓட்டிப் பாக்கணும்னு தோணுச்சு, அதுக்கு ரெண்டு வாரம் ஆச்சு, பாத்ததை எல்லாம் இங்க எழுதுறேன்.

முதல்ல சிஸ்டம் எப்படின்னு சொல்லிடுறேன், கேம் பேரு வேணாம். அஞ்சுக்கு அஞ்சு ஆடுற டீம் கேம். ஜெயிச்சா பாயிண்ட் ஏறும், தோத்தா இறங்கும், 100 தொட்டா அடுத்த ரேங்க். ஆனா தொட்ட உடனே ஏத்தி விட மாட்டாங்க. அஞ்சு மேட்ச் சீரிஸ் ஒண்ணு வரும், அதுல மூணு ஜெயிச்சாதான் கதவு திறக்கும். மூணு தோத்தா கீழ தள்ளி விட்டுரும், அவனுக்கு ஒவ்வொரு தடவையும் 75க்குப் பக்கத்துல வந்து நின்னுச்சு. இது போக பின்னாடி கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நம்பர் ஓடிட்டு இருக்கும், எம்எம்ஆர்னு சொல்றோமே அது. யார்கூட யாரை மேட்ச் போடணும், ஜெயிச்சா எத்தனை பாயிண்ட் தரணும்னு எல்லாம் முடிவு பண்றது அந்த நம்பர்தான், வெளிய தெரியுற ரேங்க் இல்ல. இந்த ரெட்டை நம்பர் விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில எல்லாம் அங்கதான் போய் முட்டுது.

அந்த சீசன்ல அவன் ஆடினது 200 மேட்ச் சொச்சம், ஜெயிச்சது நூத்துக்கு 54 கணக்கு. ஆடுறது சப்போர்ட், அதாவது டீமுக்கு உதவியா நிக்குற ரோல். முதல் சீரிஸ் 1-3, சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, மூணுலயும் எதிர் டீம் நல்லா ஆடுனாங்க. ரெண்டாவது 2-3. மூணாவது சீரிஸ்தான் நான் வரிக்கு வரி பாத்தது.

முதல் மேட்ச் சுலபமா ஜெயிச்சான். ரெண்டாவதுல ஆறாவது நிமிஷம் அவன் டீம்ல மிட் (மேப்போட நடுப் பாதை) ஆடுனவன் டிஸ்கனெக்ட் ஆனான், திரும்ப வரவே இல்ல. ஆரம்பத்துலயே ஆள் வரலைன்னா மேட்ச்ச ரத்து பண்ற வசதி அந்த கேம்ல இருந்துச்சு, ஆனா அந்த நேரம் தாண்டியாச்சு, அதனால நாலு பேரா முப்பது நிமிஷம் இழுத்துட்டுத் தோத்தாங்க. மூணாவது இதை விட மோசம். ஹீரோ எடுக்குற ஸ்கிரீன்ல ஒருத்தனுக்கும் இன்னொருத்தனுக்கும் ரோல் சண்டை, தம்பி நடுவுல போய் "ப்ரோ ப்ளீஸ், எனக்குப் புரமோ ஓடுது, சண்டை வேணாமே"ன்னு டைப் பண்ணிருக்கான். அதுல ஒருத்தன் "ஓ புரமோவா, அப்ப இருக்கு உனக்கு"ன்னு போட்டுட்டு வேணும்னே தப்பான ஹீரோ எடுத்தான். அந்த இடத்துல டாட்ஜ் பண்ணி, அதாவது மேட்ச் தொடங்குறதுக்கு முன்னாடியே லாபில இருந்து, வெளிய வரலாம்தான், ஆனா புரமோ நடக்கும்போது டாட்ஜ் பண்ணா அதுவும் சீரிஸ்ல ஒரு தோல்வியா கணக்காகும். சாதாரண மேட்ச்ல சில பாயிண்டோட போற விஷயம் இங்க ஆனா முழு மேட்ச்சா போகும், அதனால உள்ள போய்த்தான் ஆகணும், போனான், ஒருத்தன் மிட்ல நின்னுகிட்டு செத்துச் செத்து விளையாண்டான், தோல்வி. நாலாவது மேட்ச் அவன் வாழ்க்கையிலயே ஆடுன நல்ல மேட்ச்ல ஒண்ணு, அதை ரெண்டு தடவை பாத்தேன், வார்டு (எதிரி வர்றத காட்டிக் குடுக்க மேப்ல வைக்குற கண்ணு) வச்ச இடம் ஒவ்வொண்ணும் அவ்ளோ கச்சிதம். 2-2.

அஞ்சாவது அவன் தப்புதான். அதை மறைக்கக் கூடாது. அவன் எப்பவும் ஆடுற, முன்னாடி பாஞ்சு சண்டைய ஆரம்பிக்குற ஹீரோ ஃப்ரீயா இருந்துச்சு, ஆனா எடுக்கல, பின்னாடி நின்னு ஹீல் பண்ற ஹீரோ எடுத்தான், ஏன்டான்னு கேட்டப்ப "தப்பு பண்ணக் கூடாதுன்னு தோணுச்சு அண்ணா"ன்னான். ரீப்ளேல அவன் கேமராவ பாத்தாலே தெரியுது, மேப்ல வழக்கமா சுத்துற பையன் இருபது நிமிஷம் அவன் லேனை (அவனோட பாதையை) விட்டு நகரல. டீம்மேட் வான்னு பிங் (சிக்னல்) குடுத்தா பத்து தடவை யோசிக்குறான். 200 மேட்ச்ல நான் பாத்த தம்பி இல்ல அது.

இப்ப கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு மேட்ச்லயும் ஜெயிக்குற வாய்ப்பு 54 சதவீதம் இருக்குற ஒருத்தன் அஞ்சு மேட்ச் சீரிஸ்ல மூணு ஜெயிக்குற வாய்ப்பு எவ்வளவு? கிட்டத்தட்ட 57 சதவீதம். அவ்ளோதான். அதாவது அந்த இடத்துக்குத் தகுதியான பத்து பேரை வரிசையா நிக்க வச்சா நாலு பேரு முதல் தடவையே தோத்து வெளிய வருவாங்க. தம்பி மாதிரியே ஆடுற நூறு பேர்ல எட்டு பேருக்கு தொடர்ந்து மூணு சீரிஸும் போகும், எந்தத் தப்பும் இல்லாம, வெறும் எண்ணிக்கை விளையாட்டுல. அவன் அந்த எட்டு பேர்ல ஒருத்தன். இதை அவன்கிட்ட சொன்னப்ப ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

இப்ப இதையே தலைகீழா பாருங்க. கொஞ்சம் கீழ இருக்க வேண்டிய ஒருத்தன், மேட்ச்சுக்கு 46 சதவீதம்தான் ஜெயிக்குறவன், எப்படியோ 100 தொட்டுட்டான்னு வைங்க. அவன் அதே சீரிஸ்ல தப்பிச்சு மேல போற வாய்ப்பு 43 சதவீதம். ஒருத்தன் நிஜமாவே தகுதியானவன், இன்னொருத்தன் இல்ல, ரெண்டு பேரையும் பிரிச்சுக் காட்டுறதுக்காக வச்ச பரீட்சை ஒருத்தனுக்கு 57 குடுக்குது, இன்னொருத்தனுக்கு 43 குடுக்குது. தோத்தவன் திரும்பவும் வரலாம், வந்துட்டே இருந்தா என்னைக்காவது நுழைஞ்சிருவான், அதனால இது யாரையும் நிரந்தரமா தடுக்கவும் இல்ல. பரீட்சையா இது வேலையே செய்யல, டோல்கேட் வேலைதான் செய்யுது, எல்லார்கிட்டயும் நேரத்தை வசூல் பண்ணுது, யார்கிட்ட எத்தனை தடவைங்கிறது அதிர்ஷ்டம்.

அஞ்சு மேட்ச் பத்தாதுங்கிறது புதுசா நான் கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல. ரேட்டிங் முறையோட ஆரம்பம் செஸ். ஆர்பட் எலோ போட்ட கணக்கை அமெரிக்க செஸ் சங்கம் 1960ல எடுத்துக்கிச்சு, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970ல எடுத்துக்கிச்சு. அது ஒத்தைக்கு ஒத்தை ஆட்டத்துக்குச் செஞ்சது, தோத்தா நீ தோத்த, ஜெயிச்சா நீ ஜெயிச்ச, நடுவுல வேற ஆளே இல்ல. டீம் கேம்ல ஒரு தோல்விய அஞ்சு பேருக்குப் பங்கு போடணும், யார் பங்கு எவ்வளவுன்னு ரிசல்ட்டைப் பாத்து சொல்லவே முடியாது. இதுக்காகத்தான் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்ல ஹெர்பிரிச், மின்கா, கிரேப்பல் மூணு பேரும் சேந்து ட்ரூஸ்கில்னு ஒரு முறைய எக்ஸ்பாக்ஸ் லைவுங்கிற அவங்களோட ஆன்லைன் கேம் சேவைக்காகச் செஞ்சாங்க, 2006 வாக்குல வெளிவந்தது. அதுல ஒவ்வொரு ஆளுக்கும் ரெண்டு நம்பர், ஒண்ணு உன் திறமை இவ்வளவு இருக்கும்ங்கிற மதிப்பு, இன்னொண்ணு அந்த மதிப்பு மேல எவ்வளவு சந்தேகம்ங்கிறது. புது ஆளுக்கு மதிப்பு 25, சந்தேகம் அதுல மூணுல ஒரு பங்கு. ஆட ஆட சந்தேகம் குறையும். இதோட அவங்களே ஒரு அட்டவணை குடுத்திருந்தாங்க, ஒருத்தரோட திறமைய ஓரளவு கண்டுபிடிக்க குறைஞ்சது எத்தனை மேட்ச் வேணும்னு. ஒத்தைக்கு ஒத்தைன்னா 12. நாலுக்கு நாலுன்னா 46. எட்டுக்கு எட்டுன்னா 91. நம்ம அஞ்சுக்கு அஞ்சு கேம் அப்ப எங்க வரும்னு நீங்களே பாத்துக்கோங்க, அந்த இடத்துல அஞ்சே அஞ்சு மேட்ச்ச வச்சு ஒரு பையனை நிக்க வைக்குறோம்.

இந்த இடத்துல எப்பவும் ஒரு பதில் வரும், நானும் பல வருஷம் அதையே எல்லார்கிட்டயும் சொல்லிருக்கேன். "உன் டீம்ல உன்னைத் தவிர நாலு பேருதான் முன்னபின்ன தெரியாதவன், எதிர் டீம்ல அஞ்சு பேரு, அதனால ட்ரோல் (வேணும்னே கெடுக்குறவன்), ஏஎஃப்கே (ஆட்டத்தைப் பாதில விட்டுட்டுப் போறவன்) எல்லாம் எதிர் டீமுக்குத்தான் அதிகம் வரும், நீ ஒழுங்கா ஆடு போதும்." இது தப்பான வாதம் இல்ல. ஆனா எவ்வளவு நாள்ல உண்மையாகும்ங்கிறதுதான் விஷயம். ஒரு உதாரணத்துக்கு, நூறு பேர்ல ரெண்டு பேரு மேட்ச்ச கெடுப்பாங்கன்னு வச்சுக்குவோம். உன் டீம்ல ஒருத்தனாவது அப்படி வர்ற வாய்ப்பு 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் கம்மி, எதிர் டீம்ல 9.6. வித்தியாசம் ரெண்டு சதவீதத்துக்கும் கீழ. 500 மேட்ச் ஆடுனா உனக்கு ஒம்போது மேட்ச் லாபம், நல்லது, சந்தோஷம். ஆனா அதே கணக்குல ஒரு முழு அஞ்சு மேட்ச் சீரிஸ்ல ஒரு தடவையாவது உன் பக்கம் ஒருத்தன் கெடுக்குற வாய்ப்பு 33 சதவீதம். மூணு சீரிஸ்ல ஒண்ணு! ரெண்டும் ஒரே நேரத்துல உண்மை. வருஷம் பூரா ஆடுற ஏணி நியாயமா இருக்கலாம், அந்த ஏணியோட நடுவுல வச்ச கதவு நியாயம் இல்லாம இருக்கலாம், ஒண்ணைக் காட்டி இன்னொண்ணை நியாயப்படுத்தக் கூடாது. நான் அதைத்தான் இவ்ளோ நாள் பண்ணிட்டு இருந்தேன், அதுக்காக நிஜமாவே வருத்தப்படுறேன்.

இப்ப அந்த ரெட்டை நம்பர். தம்பி ஹிஸ்டரில நான் கவனிச்சது, அந்த மூணு சீரிஸுக்கும் நடுவுல அவனுக்கு ஜெயிச்சா 24 பாயிண்ட் வருது, தோத்தா 16தான் போகுது. இதுக்கு என்ன அர்த்தம்? மறைஞ்சு இருக்குற எம்எம்ஆர் அவனை ஏற்கனவே மேல் ரேங்க்ல வச்சிருக்கு, வெளிய காட்டுற ரேங்க்தான் பின்தங்கி நிக்குது, அதனால வேகமா மேல இழுக்கப் பாக்குது. அவன் மேட்ச்ல வந்தவங்க ரேங்க்க பாத்தா அதுவும் அப்படித்தான், புரமோ மேட்ச்ல பாதிக்கு மேல ஆளுங்க அவன் போகணும்னு நினைக்குற அந்த ரேங்க்லயே இருக்குறவங்க. அதாவது சிஸ்டம் ஒரு கையால அவனை அந்த ரூமுக்குள்ள உக்கார வச்சு அங்க இருக்குறவங்ககூட ஆட விடுது, இன்னொரு கையால நீ இந்த ரூமுக்கு வரத் தகுதியானு காட்டுன்னு கேக்குது. அங்க இருக்குறவங்களுக்கு அவன் சரிசமம்னா பாதி மேட்ச் ஜெயிப்பான், பாதி தோப்பான், சரிசமம்னா அதானே. அப்ப சரிசமமா இருக்குறவனுக்கு சீரிஸ் ஜெயிக்குற வாய்ப்பும் பாதிதான். உள்ள இருக்குறவங்க யாரும் அங்கயே இருக்குறதுக்காக அந்தப் பரீட்சைய எழுதறதில்ல, எழுதச் சொன்னா அவங்கள்லயும் பாதி பேரு வெளிய வந்துருவாங்க. இதைவிடத் தெளிவா இந்தக் கதவோட நியாயமின்மைய என்னால சொல்ல முடியல.

டிசைன் பண்ணவங்க பக்கமும் யோசிச்சேன், ஏன்னா இப்படி ஒண்ணை யாரும் கெட்ட எண்ணத்துல வைக்க மாட்டாங்க. வெறும் நம்பரைப் பாத்துட்டே ஆடுனா முடிவே இல்லாத ரோடு மாதிரி இருக்கும், இலக்குன்னு ஒண்ணு வேணும். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்ங்கிற கேம் 2013ல பழைய எலோ நம்பரை மறைச்சு டையர் (பெரிய ரேங்க்), டிவிஷன் (அதுக்குள்ள இருக்குற சின்னப் படி), புரமோ சீரிஸ்னு கொண்டு வந்தப்ப நிறைய பேருக்கு அது பிடிச்சுது, டிவிஷனுக்கு மூணு மேட்ச், டையருக்கு அஞ்சு மேட்ச், அந்தப் படபடப்பு வேற எதுலயும் கிடைக்காது, அதை நான் மறுக்க மாட்டேன். இன்னொரு காரணமும் உண்டு, எல்லைக் கோட்டுல நிக்குறவன் இன்னைக்கு மேல நாளைக்குக் கீழன்னு ஆடிட்டே இருப்பான், கதவு இருந்தா அது குறையும். சரி, ஆனா அதுக்குக் கதவு தேவை இல்ல, மேல போனப்புறம் உடனே கீழ விழாம கொஞ்ச மேட்ச் பாதுகாப்பு குடுத்தா அதே வேலை நடக்கும், ஏறுறவன் கழுத்தைப் பிடிக்க வேண்டியதில்ல. லீக்லயே டிவிஷன் நடுவுல இருந்த சீரிஸ 2021ல எடுத்தாங்க, டையர் சீரிஸ அடுத்த வருஷம் மூணு மேட்ச்சா குறைச்சாங்க, அப்புறம் அதுவும் போச்சு. டோட்டா 2ங்கிற இன்னொரு கேம்ல முதல்ல இருந்தே இப்படிக் கதவு கிடையாது, எம்எம்ஆர் நம்பர் கண்ணு முன்னாடியே இருக்கும், 2017ல வந்த மெடலும் (அங்க ரேங்க்குக்கு அதான் பேரு) அந்த நம்பர் பின்னாடியே போகும், 2023ல கிளிக்கோங்கிற ரேட்டிங் முறைக்கு மாறுனப்ப உன் ரேங்க் மேல சிஸ்டத்துக்கு எவ்வளவு நம்பிக்கைன்னு சதவீதமாவே காட்ட ஆரம்பிச்சாங்க. எனக்கு அது ரொம்பப் பெரிய மரியாதையா தெரியுது, எங்களுக்கு இன்னும் உறுதியா தெரியலன்னு ஆட்டக்காரன் முகத்துக்கு நேரா ஒத்துக்குறாங்க இல்ல.

தம்பி ஒரு யோசனை சொன்னான், டீம் ஜெயிச்சுதா தோத்துதான்னு பாக்காம தனி ஆள் எப்படி ஆடுனான்னு பாத்து ஏத்தலாமேன்னு. கேக்க நல்லா இருக்கு. ஆனா அதுல முதல்ல அடி வாங்குறது அவனை மாதிரி சப்போர்ட் ஆளுங்கதான். ஓவர்வாட்ச்ங்கிற கேம் இதைச் செஞ்சு பாத்துச்சு, ஒரே ஹீரோ ஆடுற மத்தவங்களோட ஒப்பிட்டு பாயிண்ட் கூட்டிக் குறைச்சாங்க, 2018 ஆரம்பத்துல டைமண்ட் ரேங்க்லயும் அதுக்கு மேலயும் அதை எடுத்துட்டாங்க. எதை அளக்குறோமோ அதுக்குத்தான் ஆளுங்க ஆடுவாங்க, மேட்ச் ஜெயிக்குறதுக்கு இல்ல. நாலாவது மேட்ச்ல தம்பி ஒரு வார்டு வச்சான், அதைப் பாத்து எதிர் டீம் அந்தப் பக்கமே வராம போனாங்க. வராத சண்டைய எந்த ஸ்கோர்போர்டுல எழுதுவீங்க? அதனால ஜெயிப்பு தோல்விய வச்சே ரேங்க் போடுறதுதான் டீம் கேம்ல இருக்குறதுல நேர்மையான அளவுகோல்னு நான் இப்பவும் நம்புறேன், அதுக்கு நிறைய மேட்ச் வேணும்ங்கிற ஒரே நிபந்தனையோட.

கணக்குல வராத இன்னொரு சேதமும் இருக்கு, ரீப்ளேல அதான் எனக்கு ரொம்ப வலிச்சது. கதவு இருக்குறதே ஆட்டத்தை மாத்திருது. அஞ்சாவது மேட்ச்ல பாத்தோமே, அளக்கப் போன பொருளையே அளவுகோல் வளைச்சிருச்சு, 200 மேட்ச் ஆடுன பையன் வேற, அன்னைக்கு ஆடுன பையன் வேற. புரமோன்னு டீம்மேட் கிட்ட சொன்னதால மூணாவது மேட்ச் போச்சு, ஒருத்தனுக்கு மட்டும் ரொம்ப முக்கியமான மேட்ச்சா ஆகும்போது மத்த நாலு பேர் கையில அவன் பணயமா மாட்டிக்குறான். அழுத்தத்துல ஆடுறதும் திறமைதானேன்னு கேக்கலாம். திறமைதான். ஆனா அந்த மேட்ச்ல இருக்குற பத்து பேர்ல ஒருத்தனுக்கு மட்டும் அந்தப் பரீட்சை நடக்குது, மத்த ஒம்போது பேருக்கு அது சாதாரண ஒரு சாயங்கால மேட்ச்.

நான் அவனுக்குச் சொன்ன பதில் இதுதான்: "டேய், நீ லாயக்குதான், உன் 200 மேட்ச் சொல்லுது, சிஸ்டத்தோட மறைஞ்ச நம்பரும் சொல்லுது, இந்த அஞ்சு மேட்ச்சுக்கு அதை இல்லன்னு சொல்ற பலமே கிடையாது, ஆனா அஞ்சாவது மேட்ச்ல பண்ண மாதிரி உன் ஹீரோவ மட்டும் இனிமே மாத்தாத." சரி அண்ணான்னான்.

பத்து நாள் கழிச்சு திரும்ப 100 தொட்டான். நாலாவது சீரிஸ். இந்தத் தடவை யார்கிட்டயும் புரமோன்னு சொல்லல, அவனோட ஹீரோவையே எடுத்தான், 2-2 வந்துச்சு, நான் கூட உக்காந்து பாத்துட்டு இருந்தேன். அஞ்சாவது மேட்ச்ல எட்டாவது நிமிஷம் எதிர் டீம்ல ஒருத்தன் டிஸ்கனெக்ட் ஆயிட்டான், வரவே இல்ல. நாலு பேரா அவங்க இருபத்தஞ்சு நிமிஷம் போராடுனாங்க. தம்பி ஜெயிச்சான், ரேங்க் ஏறுச்சு, ஸ்கிரீன் பூரா அந்த வெளிச்சம் எல்லாம் வந்துச்சு, நான் கத்துனேன், அவன் கத்தல. சாட்ல எதிர் டீமுக்கு "நல்லா ஆடுனீங்க, சாரி"ன்னு போட்டுட்டு கொஞ்ச நேரம் இருந்துட்டு என்கிட்ட கேட்டான், "அண்ணா, அந்த நாலு பேர்ல யாருக்காவது இன்னைக்குப் புரமோவா இருந்திருக்குமா?"